புளியந்தீவு உண்மையில் தீவுதானா?

வாவிக்கரைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். பழைய மாணவர் மலர் ஒன்றுக்கு ‘எங்கள் பட்டணம்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு மாதமாக உயிரை வாங்குகிறார். புளியந்தீவைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமாம். நான் பிறந்து வளர்ந்தது கோட்டைமுனையில், படித்தது தீவுக்குள். அரை மணித்தியால வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் பந்தியிலேயே சிக்கிக்கொண்டேன். எழுதிய வரைக்கும் கீழே போடுகிறேன். பிழை இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். அச்சில் வந்த பிறகு போன் எடுத்து ஏசக் கூடாது.

“மட்டக்களப்பு வாவிக்குள் அமைந்த சிறு தீவு புளியந்தீவு. புளியமரங்கள் நிறைந்திருந்ததால் இப்பெயர் பெற்றது. போர்த்துக்கேயர் 1628இல் இங்கு கோட்டை கட்டினர். 1638 மே மாதம் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பெரியபாலமும் புதுப்பாலமும் தீவைக் கோட்டைமுனையோடு இணைக்கின்றன. 1967இல் மட்டக்களப்பு மாநகர சபையாக உயர்ந்தது. மீன்பாடும் தேன்நாடு என்பது இதன் சிறப்புப் பெயர்.”

வாசித்துப் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரை மாதிரி இருக்கிறது. அது போகட்டும். ‘தீவு’ என்று எழுதும்போதுதான் கை நின்றது. நாற்பது வருடமாகப் பெரியபாலத்தைக் கடக்கிறேன், ஒரு நாளும் தீவுக்குப் போகிறேன் என்று நினைத்ததில்லை. “டவுனுக்குப் போயிட்டு வாறன்” என்றுதான் வீட்டில் சொல்வோம். தீவென்றால் தீவு மாதிரி இருக்க வேண்டாமா?

சம்மாந்துறையான்:

ஆசிரியர் தம்பி, கோபிக்காதீர்கள். தீவு இருக்கட்டும், முதலாவது சொல்லே உங்களுடையது இல்லை. மட்டக்களப்பு என்ற பெயர் எங்கட பக்கத்துப் பெயர். பழைய மட்டக்களப்பு சம்மாந்துறைப் பகுதிதான் என்பது வரலாறு எழுதுகிற பலரும் சொல்வது. 1602இல் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ‘மட்டக்களப்புக்கு’ வந்தான், பிறகு கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைக் கண்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்போது உங்கள் தீவில் கோட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீங்களே 1628 என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கண்ட சிற்றரசனின் ஊர் உள்நாட்டில் இருந்தது.

பிறகு போர்த்துக்கேயன் வாவிக்குள் கோட்டையைப் போட்டான், அதிகாரம் அங்கே போனது, பெயரும் அதன் பின்னால் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது துறை. சம்மான் என்ற படகு வந்து நின்ற துறை, சம்மாந்துறை. கப்பலும் போய்த் துறையும் போய் இப்போது வயல்தான் இருக்கிறது, அது வேறு கதை.

1961இல் அம்பாறையைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும் வரைக்கும் எங்கட ஆட்களுக்கும் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், உங்கட கோட்டைக்குள்தான். காணி உறுதி ஒன்றைத் திருத்த விடியச் சாமம் வெளிக்கிட்டு வந்து, பின்னேரம் வரைக்கும் அந்தக் கோட்டை வாசலில் நின்று, “நாளைக்கு வாங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியதை வாப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெயரையும் எடுத்துக்கொண்டு அலையவும் விட்டீர்கள் கா.

வாவிக்கரைவாசி:

காக்கா, பெயரைத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இதைக் கட்டுரையில் போடுகிறேன், அது நியாயம்.

படுவான்கரையான்:

பெயர்ப் பிழை என்று தொடங்கினால் நிற்காது. நீங்கள் ‘வாவி’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஊரில் யார் வாவி என்கிறார்கள்? எல்லோருக்கும் அது ஆறு. “ஆத்துக்குப் போறன்”, “ஆத்து மீன்”, “ஆத்துக்கு அங்கால”. ஆனால் அது ஆறு இல்லை. 50 கிலோமீற்றருக்கு மேல் நீளமான, கடலோடு வாய் வைத்த உப்பங்கழி. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. உங்கள் தீவு இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

புளியமரக் கதையும் ஒரே கதை இல்லை. புலியன் என்ற வேடர் தலைவன் இருந்த தீவு என்று எங்கட பக்கத்துக் கிழவர்கள் சொல்வார்கள். எது சரி என்று யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். இரண்டையும் போட்டு விடுங்கள்.

மற்றது, தீவு தீவு என்கிறீர்கள், உங்கள் தீவு குடிக்கிற தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? உன்னிச்சைக் குளத்திலிருந்து குழாயில். படுவான்கரை மழை பெய்து குளம் நிறைந்தால்தான் நீங்கள் பல் தீட்டலாம். கட்டுரையில் அதற்கு ஒரு வரி கொடுக்கக் கூடாதா?

கல்முனைப் பொடியன்:

ஒரு சின்னக் கேள்வி. மாநகர சபை என்றால் தீவு மட்டுமா? கல்முனையில் எங்களுக்கு 2001இல்தான் மாநகர சபை கிடைத்தது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தினம் ஒரு சண்டை. அதனால் கேட்கிறேன்.

வாவிக்கரைவாசி:

இல்லை தம்பி. தீவு அதன் நடுத்துண்டு மட்டும்தான். கோட்டைமுனை, கல்லடி, நாவலடி, திருப்பெருந்துறை எல்லாம் சபைக்குள்தான். தெற்கே காத்தான்குடிக்குத் தனி நகர சபை. 1967இல் மாநகர சபையான பிறகு தேர்தல் நடந்து சபை இருந்த காலமும் உண்டு, ஆணையாளர் தனியாகக் கொண்டு நடத்திய காலமும் உண்டு. போர் காரணமாக நீண்ட காலம் தேர்தலே இல்லை. 2008 மார்ச்சில் நடந்த தேர்தலில் சிவகீதா பிரபாகரன் முதல்வரானார். 2018இல் வட்டார முறையில் வந்த சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. பிறகு 2025 மே மாதம் தேர்தல் வரும் வரைக்கும் மறுபடியும் ஆணையாளர்தான். சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோலைவரி அறிவித்தல் மட்டும் பிசகாமல் வந்துவிடும்.

சைக்கிள் தபால்:

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். 31 வருடம் தபால் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புளியந்தீவு தீவுதான். தபால்காரனுக்கு அது நன்றாகத் தெரியும். மற்ற ஊர்களில் ஒரு பை முடிந்தால் அடுத்த ஒழுங்கை, அடுத்த ஊர் என்று நீண்டுகொண்டே போகும். தீவில் பை முடிகிற இடத்தில் நிலமும் முடியும். சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, மதிலுக்கு அங்கால் தண்ணீர் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தண்ணீர்ப் போத்தலைத் திறப்பேன். பிறகு கிறுகி வர வேண்டியதுதான், வேறு போக்கு இல்லை.

ஆசிரியர் ஐயா, நீங்கள் நாற்பது வருடம் பாலத்தைக் கடந்தது சரி. ஒரு நாளாவது சுற்றிப் பார்த்தீர்களா? இந்த ஞாயிறு விடிய ஐந்தரைக்கு வாருங்கள். தண்ணீரை இடப்பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டு நடந்து, தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தால் தீவு. வராவிட்டால் நீங்கள் சொன்னது சரி.

மாலேக்காரன்:

நல்ல யோசனை. நான் களுவாஞ்சிகுடி, ஏழு வருடம் மாலைதீவில் ஹோட்டல் வேலை. மாலே ஒரு முழு நகரம், அதுவும் ஒரே தீவுக்குள். தலைநகரம் என்கிறார்கள், ஒரு மணித்தியாலத்தில் சுற்றி நடந்துவிடலாம். 2018இல் பக்கத்துத் தீவுக்கு முதல் பாலம் போட்டார்கள். திறந்த புதிதில் பாலத்தைப் பார்க்கவே குடும்பமாக மோட்டார் சைக்கிளில் வந்தார்கள்.

அங்கே எந்த ஒழுங்கையால் நடந்தாலும் கடைசியில் கடல். நாலு முக்குச் சீமெந்துக் கட்டைகளை அடுக்கி அலையை மறித்திருப்பார்கள், அதன் மேல் இருந்து பொடியன்கள் தூண்டில் போடுவார்கள். புளியந்தீவில் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் கடைசியில் யாருடையதோ பின்மதில். அதனால்தான் உங்களுக்குத் தீவு தெரியவில்லை. தபால் ஐயாவுக்கு மதிலுக்கு அங்கால் இருக்கிற சத்தம் தெரிந்திருக்கிறது.

வாவிக்கரைவாசி:

போய் வந்தேன். விபரமாக எழுதுகிறேன், நீளம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்குப் பெரியபாலத்தடியில் தபால் ஐயா சைக்கிளோடு நிற்கிறார். “நடக்கப் போறம் எண்டீங்களே, சைக்கிள் என்னத்துக்கு?” என்றேன். “அது இல்லாம எனக்கு நடை வராது மகன்” என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டே முழுத் தீவும் வந்தார்.

பாலத்துக்குக் கீழே ஒரு தோணி. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை போடுகிறார். வலை விரியும்போது வட்டமாகத் தெரிந்தது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. இழுத்தபோது இரண்டு மூன்று மணலை மீனும் ஒரு கை இறாலும். அவரிடம் முதலை பற்றிக் கேட்டேன். “இருக்கு, அதுக்கும் பசிக்கும்தானே” என்று சொல்லிவிட்டு அடுத்த வீச்சுக்குத் தயாரானார்.

தண்ணீரை இடப்பக்கம் வைத்து நடப்பது சொல்வதற்கு மட்டும்தான் சுலபம். நூறு யார் போவதற்குள் மதில் வந்துவிடும். ஒழுங்கைக்குள் நுழைந்து, வீதிக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையால் இறங்கினால் மறுபடியும் மதில். கையால் தண்ணீரைத் தொட முடிந்த இடங்களை நான் எண்ணிக்கொண்டே போனேன், ஏழு வந்தது. எட்டாவது ஓர் இடத்தில் தொட்டிருக்கலாம், ஆனால் அங்கே கோழிக் கழிவை உரப் பையில் கட்டி வீசியிருந்தார்கள், ஐயா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மாரி வெள்ளத்தோடு வந்த ஆற்றுவாழை ஒரு மூலையில் தேங்கி, அதன் மேல் ஒரு கொக்கு நிலம் என்று நினைத்து நடந்துகொண்டிருந்தது.

கோட்டைக்கு வந்தோம். அதன் இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கமும் அகழி வெட்டியிருக்கிறார்கள். தீவுக்குள் இன்னொரு தீவு. போர்த்துக்கேயனுக்குத் தீவும் போதவில்லை என்று ஐயா சொன்னார். நான் இத்தனை வருடம் அங்கே போனது பிறப்புச் சான்றிதழ், காணிக் கடதாசி, இவற்றுக்குத்தான். கச்சேரி என்று சொன்னோமே தவிரக் கோட்டை என்று வாயில் வந்ததில்லை. மாவட்டச் செயலகம் திராய்மடுவுக்கு மாறிய பிறகுதான் நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறேன்.

வெபர் மைதானப் பக்கத்தில் பொடியன்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருவானவர் வெபர், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தே வாழ்க்கையைக் கழித்தவர். புனித மிக்கேல் கல்லூரி 1873, மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814. இவ்வளவு சின்ன நிலத்தில் இத்தனை பள்ளிக்கூட மணி அடிப்பது வேறு எங்கே என்று தெரியாது. காந்திப் பூங்காப் பக்கம், மட்டக்களப்பு வாயில் என்று ஒரு வளைவு நிற்கிறதல்லவா, 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் தோணியில் வந்து இறங்கிய துறை என்று சொல்வார்கள். அடுத்த வருடமே செத்துப் போனார், முப்பது வயதுகூட இல்லை. எட்டு மாதம்தான் இங்கே இருந்தார், அதற்குள் எட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கினார் என்பார்கள். இப்போது அந்த வாயிலில் திருமணப் படம் எடுக்கிறார்கள்.

ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலில் ஒரு கும்பிடு. பிறகு தேநீர்க் கடையில் பிளேன்டீயும் ரோலும். அந்த நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தோம். வலை போட்டவர் போய்விட்டார்.

சரி, தீவுதான். தோற்றுப் போனேன்.

மட்டுநகர் மருமகன் (கனடா):

மச்சான், நான்தான் அந்த உயிர் வாங்கி. இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கட்டுரைப் பந்தியையா மலருக்கு அனுப்ப இருந்தீர்கள்? இந்த நடையை எழுதி அனுப்புங்கள்.

ஒரு குறை. 78 சூறாவளியைப் பற்றி ஒரு சொல் இல்லையே. அம்மா இப்போதும் இங்கே காற்று ஊதினால் யன்னலைப் பூட்டுகிறா. எனக்கு அப்போது இரண்டு வயது, ஒன்றும் நினைவில்லை.

சைக்கிள் தபால்:

மகன், எனக்குப் பன்னிரண்டு வயது. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. பின்னேரம் மழையும் காற்றும், அது வழமைதானே என்று இருந்தோம். இரவில் கூரைத் தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும் சத்தம். அப்பா எங்கள் எல்லோரையும் மேசைக்குக் கீழே தள்ளி, மேசையின் மேல் தான் படுத்துக்கொண்டார். ஒரு கட்டத்தில் காற்று நின்றது. அம்மா “அப்பாடா” என்று எழும்பினா. பக்கத்து வீட்டுக் கிழவர், அவர் கப்பலில் வேலை செய்தவர், வேலிக்கு அங்கால் இருந்து கத்தினார்: “வெளிய வராதீங்க, மறுகா வரும், மற்றப் பக்கத்தால வரும்!” அப்படியே வந்தது.

விடிந்து பார்த்தால் தென்னை மரம் ஒன்றுக்கும் தலை இல்லை. கல்லடிப் பக்கம் பார்த்தால் எப்போதும் பச்சையாக ஒரு கோடு தெரியும், அன்று வானம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு பல வருடம் சம்பலுக்குத் தேங்காய் தேடித்தான் வாங்க வேண்டும்.

சுனாமி வேறு மாதிரி. நாவலடி, கல்லடி, டச்பார் மணல் திட்டு எங்களுக்கு முன்னால் படுத்திருந்து அடியை வாங்கிக்கொண்டது. தீவுக்கு ஆறு பொங்கியதோடு போயிற்று. அன்று ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி விடுமுறையும், எனக்கு லீவு. கல்லடிப் பாலத்தால் சனம் ஓடி வந்ததைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். நத்தார் வாழ்த்து மட்டைகள் பிந்தித்தானே வரும், தெரியும்தானே. ஜனவரி முழுக்க நாவலடி முகவரிக்கு மட்டைகள் வந்துகொண்டே இருந்தன. சுவிஸ், கனடா, மத்திய கிழக்கு. வீடு இல்லை, சில வீட்டுக்கு ஆளும் இல்லை. ‘பெறுநர் இல்லை’ என்று திருப்பி அனுப்புவதுதான் ஒழுங்கு. எங்கள் மேலாளர் அந்த முத்திரையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். முகாம் முகாமாகக் கொண்டு திரிந்தோம். பிறகு திராய்மடுவில் வீடு கொடுத்தபோது, நாவலடி என்று எழுதிய கடிதத்தைத் திராய்மடுவில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இரண்டு மூன்று வருடம் சொந்தக்காரர்கள் பழைய முகவரியையே எழுதினார்கள். நாங்கள் யாரும் திருத்தச் சொல்லவில்லை.

பறங்கித் தெரு:

ஐயா டச்பார் என்று எழுதியதைக் கண்டு எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியான மட்டக்களப்புப் பறங்கியர் என்றால் வெளியூர்க்காரருக்கு ஒல்லாந்தர் என்று நினைப்பு. இடத்தின் பெயர் டச்பார், ஆனால் எங்கள் பாட்டிமார் பேசியது போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி. பார்த்தீர்களா, அங்கேயும் பெயர் மாறித்தான் கிடக்கிறது. தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், இவைதான் எங்கள் குடும்பங்களின் தொழில். கல்யாண வீட்டில் வயலினும் கப்ரிஞ்ஞா ஆட்டமும் இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. எனக்குக் கிரியோல் கேட்டால் விளங்கும், பேச வராது. என் மகனுக்கு ஏசுகிற சொற்கள் மட்டும் தெரியும்.

கல்முனைப் பொடியன்:

அப்போ, மீன் பாடுகிறது மட்டுமாவது உண்மையா? அதிலும் கை வைத்துவிடாதீர்கள்.

படுவான்கரையான்:

பாடுகிறது உண்மை. மீன் என்பதுதான் சந்தேகம்.

1848இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, குடியேற்ற நாட்டுச் செயலாளர், இங்கே வந்து இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். வீணைத் தந்தி அதிர்வது போல், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு சுருதி. தோணிக்காரரிடம் என்ன இது என்று கேட்டிருக்கிறார். அவர்கள் மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்றார்கள். சிப்பி மாதிரி, சேற்றில் கிடக்குமே, அந்த ஊரி. அதுவும் பாடுகிறது என்று சொல்லவில்லையாம். அவர் காதில் விழுந்த தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், நாங்கள் வாசித்தால் ‘ஊரி குளறுது’ என்று வருகிறது. அழுகிறது. வெள்ளைக்காரனுக்குச் சங்கீதம், தோணிக்காரனுக்கு அழுகை.

சம்மாந்துறையான்:

அல்லாஹ்! மட்டக்களப்பு மட்டக்களப்பு இல்லை, ஆறு ஆறு இல்லை, கோட்டை கச்சேரி, டச்பாரில் போர்த்துக்கேயர், மீன் ஊரி, பாட்டு அழுகை. தம்பி, உங்கள் கட்டுரையில் மிஞ்சினது இரண்டு பாலம் மட்டும்தான்.

வாவிக்கரைவாசி:

அதிலும் ஒன்றுக்குப் பெயர் புதுப்பாலம், அது கிழடாகிவிட்டது.

முதல் பந்தியை மாற்றிவிட்டேன். “புளியந்தீவைச் சுற்றி நடக்க ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். வழியில் ஏழு இடத்தில் தண்ணீரைத் தொடலாம்” என்று தொடங்குகிறேன். பழைய மட்டக்களப்பு, உன்னிச்சைத் தண்ணீர், நாவலடிக் கடிதம் எல்லாம் உள்ளே வருகிறது. இரண்டு பக்கத்தில் அடங்காது, மச்சான் பார்த்துக்கொள்வார்.

ஆனால் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். மீன் பாடுவதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்லடிப் பழைய பாலத்தில் இரண்டு தடவை போய் நின்றேன், மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்டது.

மாலேக்காரன்:

நானும் கேட்டதில்லை. ஹோட்டலில் வெள்ளைக்காரர் கேட்டால் கேட்டதாகச் சொல்லி விளக்கமும் கொடுப்பேன்.

சைக்கிள் தபால்:

பாலத்துக்கு மேல் நின்று கேட்க முடியாது. கீழே போக வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு ஆறு தெளிந்து அசையாமல் கிடக்கும், செப்டம்பர் வரைக்கும் பருவம். நிலவு நல்லா இருக்க வேண்டும். தோணியை நிற்பாட்டி, சவளை, அதாவது துடுப்பை, தண்ணீருக்குள் இறக்கி, அதன் கைபிடி நுனியைக் காதோடு வைக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், ஆசிரியருக்கு அதுதான் கஷ்டம்.

என் தம்பியிடம் தோணி இருக்கிறது. நாலு பேர் தாங்கும். வருகிற போயாவுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பெரியபாலத்தடிக்கு வாருங்கள். சம்மாந்துறைக் காக்காவும் வரட்டும், கடைசி பஸ் போய்விடும், எங்கட வீட்டில் படுக்கலாம்.

சம்மாந்துறையான்:

மட்டக்களப்பில் பாயில் படுத்தால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று உம்மா சொல்லித்தான் வளர்த்தா. கட்டில் இருக்கா?

சைக்கிள் தபால்:

இருக்கு. நுளம்பு வலையும் இருக்கு. வரும்போது கொஞ்சம் தயிர் கொண்டு வாங்க.